குளியலறைக் கதவை அடியிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில், கடலுக்கு ஒரு கிலோமீட்டருக்குள், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கட்டிய வீடு. படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை ஒன்று. கொல்லைப்புறத்தில் மேற்கு வெயில் நேராக விழும் குளியலறை இன்னொன்று. இரண்டிலும் கதவின் அடிப்பகுதி ஊறி, உப்பி, உதிர்கிறது. தச்சர் நல்ல ஃபிளஷ் கதவு, அதாவது மரத்தகடுகளை ஒட்டிச் செய்த கதவு போட்டு, மேலே மைக்கா எனும் வழவழப்பான தகட்டை ஒட்டிவிடலாம் என்கிறார். கடைக்காரர் பிவிசி கதவே போதும் என்கிறார். மைத்துனர் டபிள்யூபிசி எனப்படும் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை தவிர வேறெதையும் போட வேண்டாம் என்கிறார். உள்ளே இருக்கும் குளியலறையைப் பயன்படுத்துபவர் எழுபத்தைந்து வயதான தாயார். இந்த நிலையில் எந்தக் கதவைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூவருமே பலகையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். கெட்டுப்போனது என்று கழற்றிய குளியலறைக் கதவுகளில் பெரும்பாலானவை மேலே ஆறு அடி வரை நன்றாகத்தான் இருந்தன. கெட்டது கீழே ஆறு அங்குலமும், நிலையின் இரண்டு கால்கள் தரையைத் தொடும் இடமும், கீல் பிடித்திருந்த இடமும்தான். ஆகவே தண்ணீர் எங்கே நிற்கிறது, நிலை எதனால் ஆனது, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்துகொண்டு, பலகையைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பதில். இந்த வரிசை மாறினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஐந்தாறு ஆண்டுகளில் இதே கேள்வியை மறுபடியும் கேட்பீர்கள்.

உங்கள் பழைய கதவைக் கழற்றும்போது ஒரு காரியம் செய்து பாருங்கள். அதைத் தலைகீழாக நிறுத்தி, அடி விளிம்பைப் பாருங்கள். முகப்புகள் இரண்டிலும் பெயின்ட் பளபளவென்று இருக்கும். பக்க விளிம்புகளிலும் ஒரு கை ஓடியிருக்கும். அடி விளிம்பு மட்டும் மரத்தின் நிறத்திலேயே, பிரைமர்கூடப் படாமல் இருக்கும். கதவை மாட்டிய பிறகு பெயின்டர் வருகிறார், தரைக்கும் கதவுக்கும் இடையே அவருடைய பிரஷ் நுழைவதில்லை, யாரும் குனிந்து பார்ப்பதும் இல்லை. சென்ற ஆண்டு ஒரு வீட்டில் இப்படிக் கழற்றிய ஃபிளஷ் கதவின் அடியில் சாவியை வைத்து அழுத்தினேன்; டீயில் நனைத்த ரஸ்க்கில் இறங்குவதுபோல் ஓர் அங்குலம் இறங்கியது. அதே கதவின் நடுப்பகுதியைத் தட்டினால் கணீரென்று கேட்டது. மரத்தின் நார்கள் முடியும் வெட்டு முகத்தில் நுண்ணிய குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. அவை தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும். முகப்பின் வழியே ஒரு சொட்டு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில், வெட்டு முகத்தின் வழியே பல மடங்கு ஏறிவிடும். முகப்பில் ஒட்டிய மைக்கா இதைத் தடுப்பதில்லை; ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்குவதற்குத்தான் உதவுகிறது.

இதோடு நாம் குளிக்கும் முறையையும் சேர்த்துப் பாருங்கள். வெளிநாட்டுப் படங்களில் அழகான மரக்கதவுகள் இருப்பதைக் காட்டி, அதேபோல் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கண்ணாடிக் கூண்டுக்குள் ஷவரிலோ தொட்டியிலோ குளிக்கிறார்கள்; குளியலறையின் மற்ற தரை காய்ந்திருக்கும், மிதியடி விரித்திருப்பார்கள். நாம் வாளியில் பிடித்துச் சொம்பால் தலையில் ஊற்றுகிறோம், துணி துவைக்கிறோம், கடைசியில் தரையையும் சுவரையும் ஒரு வாளி தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். அதிலும் குழாய் கதவை ஒட்டி இருந்தால், கதவும் தினமும் நம்மோடு சேர்ந்து குளிக்கிறது.

ஆகையால் முதல் வேலை, கதவுக் கடைக்குப் போவதல்ல. ஒரு வாளி நிறையத் தண்ணீரைக் குளியலறைத் தரையில் கொட்டிவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். நிலைக்காலின் அடியிலோ வாசற்படியை ஒட்டியோ தண்ணீர் தேங்கி நின்றால், உங்களுடைய நோய் கதவில் இல்லை, தரை வாட்டத்தில் இருக்கிறது. அடிக்கு எட்டில் ஒரு பங்கு அங்குலமாவது வாட்டம் இருக்க வேண்டும். அதுவும் கதவுப் பக்கத்திலிருந்து வடிகால் துளையை நோக்கி இருக்க வேண்டும். வடிகாலே கதவுக்குப் பக்கத்தில் அமைந்துவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன்; அங்கே எல்லாத் தண்ணீரும் கதவடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வெளியே போகும். டைல்ஸை மாற்றும் எண்ணம் இருந்தால் கொத்தனாரை முதலில் அழைத்து இதைச் சரிசெய்யுங்கள். டைல்ஸை மாற்றப் போவதில்லை என்றால், குறைந்தபட்சம் வாசலின் குறுக்கே ஒரு கிரானைட் பட்டியைப் பதித்து, அதன் இரு ஓரங்களிலும் டைல்ஸ் இணையும் இடத்தைச் சிமெண்டால் பூசி விட்டுவிடாமல், தண்ணீர் புகாத எபாக்சி கொண்டு அடைக்கச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டியின் உயரத்தில் கவனம் வேண்டும். தண்ணீர் வெளியே வரக்கூடாது என்பதற்காக இரண்டு மூன்று அங்குலம் உயர்த்திக் கட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. கால் தூக்கி வைக்கத் தடுமாறும் வயதில் உள்ளவருக்கு அந்த மூன்று அங்குலம் ஓர் அகழி. குளியலறைத் தரை வெளித்தரையைவிட அரை அங்குலம் தாழ்ந்தும், வாட்டம் சரியாகவும் இருந்தால், பட்டி அரை அங்குலத்துக்கு மேல் துருத்த வேண்டிய அவசியமே இல்லை. அதன் விளிம்பையும் கூராக விடாமல் சரித்து இழைத்து விடச் சொல்லுங்கள்.

அடுத்தது நிலை. கதவு மாறினாலும் நிலை அப்படியே இருக்கட்டும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நிலைக்காலின் அடி அழுகியிருந்தால் புதுக்கதவின் எடை அதன் மேல் விழுந்ததும் கீல் தளரும், கதவு சாயும், மூலை தரையில் உரசும். உங்கள் நிலைக்காலின் அடியில், தரையிலிருந்து மூன்று அங்குல உயரத்தில், உளியின் முனையால் குத்திப் பாருங்கள். உளி இறங்காமல் நின்றால் நிலையை வைத்துக்கொள்ளலாம். அடி மட்டும் கெட்டு மேலே உறுதியாக இருந்தால், கெட்ட பகுதியை நான்கு முதல் ஆறு அங்குலம் வரை அறுத்தெடுத்துவிட்டு, அதே அகலத்தில் கிரானைட் துண்டை அடியில் வைத்துக் கட்டச் சொல்வேன். மரம் தண்ணீரைத் தொடாமல் கல்லின் மேல் நிற்கும். அறுத்த முகத்தில் பிரைமரும் எனாமலும் இரண்டு கை பூசிய பிறகே கல்லை வைக்க வேண்டும்.

நிலையையே மாற்றுவதென்றால் மூன்று வழிகள் இருக்கின்றன. குளியலறைக்கு மட்டும் கிரானைட் அல்லது கடப்பாக் கல்லில் நிலை வைப்பது பல ஊர்களில் நடைமுறை. ஈரம், கரையான் இரண்டைப் பற்றியும் கவலையில்லை. ஆனால் கல்லில் துளையிட்டுப் பிளக் அடித்துத்தான் கீலைப் பொருத்த முடியும். ஒருமுறை துளை விரிந்துவிட்டால் பக்கத்தில் மறுதுளை போடும்போது கல் ஓரம் தெறிக்கும். எடை குறைந்த கதவுக்கு அது ஏற்றது. முப்பது கிலோ கதவைக் கல் நிலையில் தொங்கவிட நான் தயங்குவேன். இரண்டாவது, அச்சில் வார்த்த சிமெண்ட் நிலை. மலிவு, ஆனால் மூலைகள் உடையும், கம்பிக்கு மேல் கலவை போதாமல் இருந்தால் கடற்காற்றில் உள்ளே துரு ஏறி வெடிக்கும். உங்கள் ஊருக்கு வேண்டாம். மூன்றாவது, டபிள்யூபிசி நிலை. மரத்தைப் போலவே அறுக்கலாம், ஸ்குரு பிடிக்கும், கரையான் தொடாது. திண்ணமாக, உள்ளே பொந்து இல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

இப்போது அகலம். இதைத்தான் பலர் வீடு கட்டும்போது கவனிக்காமல் விட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் படுத்த பிறகு வருந்துகிறார்கள். இரண்டரை அடி வாசல் என்று வரைபடத்தில் இருக்கும். அது நிலையின் வெளி அளவு. முப்பது அங்குலத்தில், இருபுறமும் இரண்டரை அங்குல நிலைக்கால்களைக் கழித்தால் இருபத்தைந்து அங்குலம்தான் மிஞ்சும். கதவு தொண்ணூறு பாகைக்குத் திறந்து நின்றால், அதன் தடிமன் இன்னும் ஓர் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமே இருபத்துநான்கு முதல் இருபத்தாறு அங்குலம் வரை. தாயார் இன்று கைத்தடியோடு நடக்கிறார் என்றாலும், பக்கத்தில் ஒருவர் தோளைப் பிடித்து உடன் வர வேண்டிய நாள் வந்தால் இருபத்துநான்கு அங்குலத்தில் இருவர் நுழைய முடியாது. சுவரை உடைக்கும் வசதி இருக்குமானால், உள்குளியலறைக்கு மூன்று அடி வெளி அளவுள்ள நிலை வையுங்கள். உடைப்பதற்கு முன், வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் லின்டல் எதுவரை போகிறது என்று பொறியாளரையோ அனுபவமுள்ள மேஸ்திரியையோ பார்க்கச் சொல்லுங்கள். லின்டல் இருபுறமும் சுவரின் மேல் போதிய அளவு அமர்ந்திருக்க வேண்டும், வாசலை அகலப்படுத்தும்போது அந்தப் பிடிமானம் குறைந்துவிடும்.

எந்தப் பக்கம் திறப்பது என்பதில் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டவன். முன்பெல்லாம் குளியலறைக் கதவு உள்நோக்கித்தான் திறக்க வேண்டும் என்பேன்; கதவில் வழியும் தண்ணீர் உள்ளேயே சொட்டும், படுக்கையறைத் தரை நனையாது, நடப்பவர் மேல் கதவு இடிக்காது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் உறவினர் வீட்டில் பெரியம்மா ஒருவர் குளியலறைக்குள் வழுக்கி, கதவை ஒட்டியே விழுந்துவிட்டார். கதவு உள்நோக்கித் திறப்பது. தாழ்ப்பாளை நெம்பித் திறந்த பிறகும், கதவுக்குப் பின்னால் அவருடைய உடல் கிடந்ததால் நான்கு விரற்கடைக்கு மேல் கதவு நகரவில்லை. கீலின் ஊசி உட்புறம் இருந்ததால் வெளியிலிருந்து கழற்றவும் வழியில்லை. கடைசியில் கதவின் மேல்பகுதியை அறுத்துத்தான் உள்ளே இறங்கினார்கள். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இடுப்பு எலும்பு முறிவோடு அவர் பிழைத்துவிட்டார். அதன் பிறகு, முதியவரோ வலிப்பு நோய் உள்ளவரோ பயன்படுத்தும் குளியலறைக்கு வெளிநோக்கித் திறக்கும் கதவைத்தான் சொல்கிறேன். சொட்டும் தண்ணீருக்கு வெளியே ஒரு மிதியடி போதும்.

வெளியே கதவு விரிய இடமில்லை, கட்டில் இடிக்கிறது என்றால், சுவரின் வெளிப்பக்கம் மேலே தண்டவாளம் வைத்து நகர்த்தும் கதவு ஒரு வழி. அதில் ஓசையும் வாடையும் முழுதாக அடைபடா என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். தரையில் தண்டவாளம் உள்ள வகை வேண்டாம்; அதில் சோப்பு நுரையும் முடியும் அடைத்துக்கொள்ளும், காலும் தட்டும். பிளாஸ்டிக் மடிப்புக் கதவுகள் திரைச்சீலையைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

தாழ்ப்பாளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டவர் போல்ட் எனப்படும் நீளத் தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில் பொருத்துவது பழக்கம். முதியவர் கைக்கு அது எட்டாது, எட்டிப் போட்டால் நிலைகுலைவார். இடுப்பு உயரத்தில் ஒரு குளியலறைப் பூட்டு போதும். உட்பக்கம் திருகுக் குமிழும், வெளிப்பக்கம் நாணயத்தை வைத்துத் திருகினால் திறக்கும் பள்ளமும் உள்ள பூட்டு எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு குழந்தை உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு அழும் நாளிலும் அதுவே கைகொடுக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பலகை.

மரச்சட்டமும் மரப்பலகையும் சேர்த்த கதவு, தேக்கானாலும் வேம்பானாலும், ஐப்பசி கார்த்திகையில் ஊதி நிலையோடு இறுகும், சித்திரை வைகாசியில் சுருங்கி இடைவெளி காட்டும். மழைக்காலத்தில் இறுகுகிறது என்று தச்சரை அழைத்து இழைப்புளி போட்டால், கோடையில் அதே இடத்தில் விரல் நுழையும். ஈரமும் வறட்சியும் மாறி மாறி வரும் குளியலறையில் இது இன்னும் மோசம். தேக்கைக் குறைசொல்வதற்கில்லை, தலைவாசலில் அது தலைமுறைகளுக்கு நிற்கும். அதைக் குளியலறையில் வைப்பது விரயம்.

தச்சர் சொன்ன ஃபிளஷ் கதவு, உள்ளே மரக்கட்டைகளை அடுக்கி, இருபுறமும் மெல்லிய மரத்தகடுகளைப் பசையால் அழுத்தி ஒட்டியது. அதன் ஆயுள் பசையில் இருக்கிறது. ஈரத்தைத் தாங்காத பசையால் ஒட்டியது குளியலறையில் தகடு தகடாகப் பிரியும். கொதிநீரைத் தாங்கும் பசை என்ற தரத்தைக் கேட்டு, கதவின் மேல் ஐ.எஸ். 2202 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கடைகளில் மெரைன் என்ற சொல்லை எதற்கும் சொல்கிறார்கள். மெரைன் பிளைவுட்டுக்கு உரிய தர எண் ஐ.எஸ். 710, அதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்த பிறகும் பசை விடக்கூடாது. நல்ல ஃபிளஷ் கதவை, ஆறு பக்கங்களும் அடைத்து, கீழே எட்டு அங்குலத்துக்கு உட்புறம் அலுமினியத் தகடு அடித்துப் போட்டால் பத்து ஆண்டு தாராளமாக வரும். மைக்கா ஒட்டினால் இரு முகப்பிலும் ஒரே தடிமனில் ஒட்ட வேண்டும். உட்புறம் மட்டும் ஒட்டினால் இருபுறமும் ஈரம் ஒரே அளவில் ஏறி இறங்காமல் கதவு வில்லாக வளையும். அதாவது தச்சர் சொன்னது தவறில்லை. அவர் சொல்லாமல் விட்டது விளிம்புகளை.

பிவிசி கதவு என்று கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் உள்ளே பொந்தான பட்டைகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தது. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, விலையும் மிகக் குறைவு. அதன் பலவீனம் இரண்டு. முதலாவது, ஸ்குரு பிடிக்க உள்ளே சதை இல்லை. கீலும் தாழ்ப்பாளும் வரும் இடங்களில் உட்புறம் மரமோ உலோகமோ வைத்திருந்தால்தான் நிற்கும். கடையில் கதவைத் தட்டிக்கொண்டே போங்கள், கீல் வரும் இடத்திலும் பொந்தொலியே கேட்டால் வாங்காதீர்கள். இரண்டாவது, சூடு. பிவிசி 80 பாகை செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்கிவிடும் பொருள். மேற்கு வெயிலில் அடர்நிறப் பரப்பு தொட முடியாதபடி சுடும்போது, மெல்லிய பட்டைகள் அதற்கு முன்பே நெளியும், ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளித்து நொறுங்கும். வாடகை வீட்டுக்கும், வெயில் படாத, ஆள் நடமாட்டம் குறைந்த குளியலறைக்கும் அது போதும். உங்கள் கொல்லைக் குளியலறைக்கு அதைப் போட்டால் இரண்டு கோடைக்குப் பிறகு என்னைத் திட்டுவீர்கள்.

மைத்துனர் சொன்ன டபிள்யூபிசி என்பது மரத்தூளையும் பிவிசியையும் நுரைபோல் உப்பவைத்து அழுத்திச் செய்த பலகை. நீரில் ஊறாது, கரையான் தின்னாது, மரத்தைப் போல அறுக்கலாம், இழைக்கலாம், பெயின்ட் அடிக்கலாம். ஆனால் கடைக்குக் கடை அடர்த்தி மாறும். அடர்த்தி குறைந்த பலகையில் நுரைதான் அதிகம். அதில் ஸ்குரு முதல்முறை பிடிக்கும், கழற்றி மாட்டினால் பிடிக்காது. சோதிக்க எளிய வழி எடை. இரண்டரைக்கு ஏழு அடி, 30 மி.மீ. தடிமனுள்ள பலகை, கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் அடர்த்தியில் ஏறத்தாழ 29 கிலோ வரும். கடையில் அதே அளவுள்ள கதவை ஒருவர் ஒரு கையால் அநாயாசமாகத் தூக்கிக் காட்டினால், அதில் காற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறீர்கள் என்று பொருள். ஸ்குருவுக்கு முன்கூட்டியே சிறு துளை போட்டே முறுக்க வேண்டும்; சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்றை மட்டும் முறுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு, அது மரத்திலேயே தவறு, இதில் பெருந்தவறு. இதுவும் பிவிசி குடும்பம்தான் என்பதால் நேர் வெயிலில் வளையும் குணம் இதற்கும் உண்டு.

எஃப்ஆர்பி என்பது கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்துச் செய்த ஓட்டுக்குள் நுரையை நிரப்பி, ஓரங்களில் மரமோ வேறு கட்டையோ வைத்துச் செய்த கதவு. படகு செய்யும் பொருள் இதுதான், உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணாடி இழைப் படகுகள் உப்புநீரிலும் வெயிலிலும் எப்படி நிற்கின்றன என்பதைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். எடை குறைவு, வெயிலில் நெளிவதில்லை. வேலைப்பாடு மோசமான கதவில் ஓடு மெல்லியதாக இருக்கும், ஒரு வாளி இடித்தாலே விரிசல் விடும். விரலால் நடுவில் அழுத்தும்போது உள்ளே அமுங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். விரிசலைப் படகுக்கு ஒட்டுப்போடுவது போலவே ஒட்டுப்போடவும் முடியும்.

அலுமினியச் சட்டத்தில் தகடு பொருத்திய கதவு அலுவலகக் கழிப்பறைகளில் நன்றாக உழைக்கிறது. கடலோரத்தில் உப்பும், கழிப்பறை கழுவும் ஆசிட்டும் அதில் வெள்ளையாகப் பொரிந்துவிடும். கண்ணாடிக் கதவு, குளிக்கும் இடத்தையும் மற்ற இடத்தையும் பிரிக்க உள்ளே வைப்பதற்கு ஏற்றது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தினமும் துடைக்க ஆள் வேண்டும்.

எந்தப் பலகையானாலும் கீல் எவர்சில்வரில் இருக்கட்டும், நான்கு அங்குலத்தில், மூன்றுக்குக் குறையாமல். காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், இது 304 தரம் என்று கடைக்காரர் காட்டுவார். மலிவான 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. 304 தரத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கின்றன. 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள், கடற்காற்றில் அது சீக்கிரமே தேநீர்க் கறைபோல் துருவைக் காட்டும். கீலின் மேல் தர எண் பொறித்திருப்பதைப் பார்த்து, பில்லிலும் அதே எண்ணை எழுதி வாங்குங்கள். ஸ்குருவும் அதே தரத்தில் இருக்க வேண்டும். நல்ல கீலைச் சாதாரண இரும்பு ஸ்குருவால் முறுக்கிவிட்டு, துரு வழிந்ததும் கீலைக் குறைசொல்பவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, கழிப்பறை ஆசிட்டைத் திறந்த பாட்டிலில் கதவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவி ஒன்றே எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கப் போதுமானது.

கதவடியில் எவ்வளவு இடைவெளி விடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடிந்த தரையிலிருந்து 10 மி.மீ. விடுங்கள். கதவடி தண்ணீரைத் தொடாமலிருக்க மட்டுமல்ல, காற்றுக்காகவும். எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமானால் உள்ளே வர ஒரு வழி வேண்டும். இல்லாவிட்டால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், குளியலறை காயாது, காயாத குளியலறையில் எந்தக் கதவும் நிற்காது. ஆனால் இந்த இடைவெளியை நம்பி, கேஸ் கீசரை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டாம். 650 மி.மீ. அகலக் கதவின் அடியில் கிடைப்பது 65 சதுர சென்டிமீட்டர்தான். மூடிய குளியலறையில் கேஸ் கீசர் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் வாடையும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கிய பிறகுதான் தெரியும். கீசரையும் சிலிண்டரையும் வெளியே வைப்பதே வழி.

உங்கள் வீட்டுக்கு என் முடிவு இதுதான். தாயாரின் குளியலறைக்கு, மூன்று அடி வெளி அளவில் டபிள்யூபிசி நிலையும், 30 மி.மீ. திண்ணமான டபிள்யூபிசி கதவும், வெளிநோக்கித் திறக்கும்படி. கதவு அகலமாவதால் எடை முப்பது கிலோவைத் தாண்டும். கீல் நான்காக இருக்கட்டும். சுவரை உடைக்க முடியாது, நிலையும் உறுதியாக இருக்கிறது என்றால், தச்சர் சொன்ன ஃபிளஷ் கதவையே, நான் சொன்ன முத்திரையோடும் அடைத்த விளிம்புகளோடும் போட்டுக்கொள்ளுங்கள்; ஒன்றும் குறைந்துவிடாது. கொல்லைக் குளியலறைக்கு வெளிர்நிற எஃப்ஆர்பி கதவு, கல் நிலையில்கூடத் தொங்கவிடலாம், எடை குறைவு. வாசலுக்கு மேல் இரண்டடி நீட்டி ஒரு தகரச் சாய்ப்பு இறக்கிவிட்டால், மாலை வெயிலிலும் மார்கழிச் சாரலிலும் ஒரு பகுதி கதவின் மேல் விழாது.

தரை வேலையும் நிலையும் முடிந்த பிறகே கதவுக்கு அளவு கொடுங்கள். பழைய கதவின் அளவைக் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வருவதுதான் வழக்கமான தவறு. புது டைல்ஸும் அதன் கலவையும் சேர்ந்து தரையை ஒன்றரை அங்குலம் வரை உயர்த்திவிடும், வந்திறங்கிய எஃப்ஆர்பி கதவின் அடியை அறுத்தால் உள்ளிருக்கும் நுரை வெளியே தெரியும். நிலைக்குள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை இருபுறமும் அளந்து, அவற்றில் குறைந்ததைக் கொடுங்கள். மூலைக்கு மூலை அளக்கும்போது இரண்டு அளவும் ஒத்துவராவிட்டால் நிலை கோணியிருக்கிறது. தூக்குக்குண்டு பிடித்து அதை முதலில் நிமிர்த்தச் சொல்லுங்கள். மரக்கதவானால், கதவு வந்த அன்றே மாட்டிவிடாமல், இரண்டு நாற்காலிகளின் மேல் கிடத்தி, அடி விளிம்புக்கும் மேல் விளிம்புக்கும் பூட்டுக்காகக் குடைந்த பள்ளத்துக்கும் பெயின்டரை நீங்களே உடனிருந்து இரண்டு கை பூசவைத்து, அது காய்ந்த மறுநாள் தச்சரை வரச் சொல்லுங்கள்.